காது கேளாதோருக்கான பணியைத் தேர்பவர்கள் சைகை மொழியில் தேர்ச்சி பெறுவது எப்படி: குமரி மாவட்டத்தினருக்கான முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகளுக்கு முன், குமரி மாவட்டத்தின் ஒரு மருத்துவமனையில், காது கேளாத பெண்மணி ஒருவரின் பரிசோதனை முடிவை மருத்துவர் ‘பாசிட்டிவ்’ என்று சொன்னபோது, நான் சற்றும் யோசிக்காமல் ‘நல்லது’ என்று பொருள்படும் சைகையைக் காட்டிவிட்டேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. மருத்துவரின் முகம் மலரவில்லை. இரண்டு முகங்களும் பொருந்தாமல் நின்றதைக் கண்ட பிறகுதான் என் தவறு எனக்கு உறைத்தது. நோய் இருப்பது உறுதியாகியிருக்கிறது என்பதை உடனே திருத்திச் சொன்னேன் என்றாலும், இடையில் கழிந்த அந்த அரை நிமிடம் இன்றும் என் நினைவை விட்டு அகலவில்லை. அப்போது எனக்குச் சில நூறு சைகைகள் தெரிந்திருந்தன. ‘கை நன்றாக ஓடுகிறது’ என்று பலர் பாராட்டியும் இருந்தார்கள். ஆனால், சைகைகளை அறிந்திருப்பதும் அந்த மொழியில் ஒருவருக்குப் பணி செய்வதும் வேறுவேறு என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

தொடக்க நிலைப் பயிற்சியை முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் இது பயன்படும்.

எந்தப் பணிக்காகக் கற்கிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

சைகை மொழிபெயர்ப்பாளர், காது கேளாத மாணவர்களுக்கான சிறப்பாசிரியர், வேறொரு பணியில் இருந்துகொண்டே காது கேளாதோருக்கும் உதவுபவர் என்று மூன்று வழிகள் இருக்கின்றன. செவிலியர், வங்கி ஊழியர், காவலர், கிராம நிர்வாக அலுவலர், பங்குப்பணியாளர் ஆகியோர் மூன்றாவது வழியில் அடங்குவர். அவர்களுக்குத் தம் துறைக்குரிய உரையாடலைத் தடையின்றி நடத்தும் திறன் போதும். அதையும் தாண்டிய இடங்களில் மொழிபெயர்ப்பாளரை அழைக்க வேண்டும் என்று உணர்ந்திருப்பது அதைவிட முக்கியம். சிறப்பாசிரியருக்குப் பாடப்பொருளைச் சைகையிலேயே விளக்கும் வன்மை வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கோ, தமக்குத் தெரியாத பொருளைப் பற்றித் தமக்குத் தெரியாத இருவர் பேசுவதை, எதையும் கூட்டாமலும் குறைக்காமலும் இருபுறமும் கொண்டுசெல்லும் திறன் வேண்டும். மூன்றுக்கும் தொடக்கம் ஒன்றுதான் என்றாலும், முதல் ஆண்டின் முடிவிலேயே பாதைகள் பிரிந்துவிடுகின்றன.

கற்பது இந்திய சைகை மொழிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பகுதி அமெரிக்க சைகை மொழியைச் சேர்ந்தவை. அமெரிக்க எழுத்துச் சைகைகள் ஒரு கையால் காட்டப்படுபவை. நம் நாட்டில் ஆங்கில எழுத்துகளுக்குப் பெரும்பாலும் இரண்டு கைகளும் பயன்படுகின்றன. இவ்வேறுபாட்டை அறியாமல் ஆறு மாதம் உழைத்துவிட்டு, மார்த்தாண்டம் பேருந்து நிலையத்தில் முதன்முதலாக ஒரு காது கேளாதவரைச் சந்தித்துத் தம் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் விழித்த இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம்பி அடியெடுத்து வைக்க ஏற்ற இடம், புதுதில்லியில் 2015-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம். 2018இல் 3,000 சொற்களுடன் அது வெளியிட்ட அகராதி, 2021இல் 10,000 சொற்களாக விரிந்தது. அன்றாடச் சொற்களோடு கல்வி, சட்டம், மருத்துவம், தொழில்நுட்பம், வேளாண்மை ஆகிய துறைச் சொற்களும் அதில் காணொளிகளாக உள்ளன. ‘சைன் லேர்ன்’ என்ற பெயரில் 2022 செப்டம்பர் 23 அன்று, அதாவது பன்னாட்டு சைகை மொழிகள் தினத்தன்று, அதற்கான கைபேசிச் செயலியும் வெளிவந்தது. இவை அனைத்தையும் இலவசமாகவே பயன்படுத்தலாம்.

ஆனால், அகராதியை மனப்பாடம் செய்வது மொழியைக் கற்பதாகாது. கையின் வடிவம், கை இருக்கும் இடம், அதன் அசைவு, உள்ளங்கை நோக்கும் திசை, முகமும் உடலும் காட்டும் குறிப்பு ஆகிய ஐந்தும் சேர்ந்ததே ஒரு சைகை. இவற்றுள் ஒன்று மாறினாலும் பொருள் மாறலாம். ஒவ்வொரு புதிய சைகையையும் இந்த ஐந்தாகப் பிரித்துப் பார்த்துக் கற்றால், பின்னாளில் திருத்திக்கொள்ள வேண்டியவை குறையும்.

இலக்கணம்: தமிழருக்குக் கிடைத்திருக்கும் வசதி

இந்திய சைகை மொழி, கையால் காட்டப்படும் தமிழும் அன்று, ஆங்கிலமும் அன்று. அதற்கென்று தனி இலக்கணம் உண்டு. ஆயினும், அந்த இலக்கணத்தின் சில இயல்புகள் தமிழறிந்தவருக்கு அன்னியமாகத் தோன்றுவதில்லை. வினை பெரும்பாலும் இறுதியில் வரும். வினாச்சொல்லும் இறுதிக்கே செல்லும். ‘உன் பெயர் என்ன’ என்று கேட்டுப் பழகியவருக்கு, பெயர் முதலிலும் ‘என்ன’ கடைசியிலும் வருவது வியப்பளிக்காது. எதிர்மறையும் இறுதியில்தான், ‘பணம் இல்லை’ என்னும் நம் அமைப்பைப் போன்றதே அது.

வினாச்சொற்களில் இன்னொரு ஒற்றுமையும் உண்டு. தமிழில் எங்கே, எப்போது, எத்தனை, எவர் எல்லாம் ‘எ’ என்னும் ஒரே வினாவெழுத்தின்மேல் எழுந்தவை. அதைப் போலவே, இந்திய சைகை மொழியில் ஒரு பொதுவான வினாச் சைகை உண்டு. ‘இடம்’ என்பதோடு அது சேர்ந்தால் எங்கே, ‘நேரம்’ என்பதோடு சேர்ந்தால் எப்போது, ‘எண்’ என்பதோடு சேர்ந்தால் எத்தனை என்றாகும். வகுப்பில் இதைச் சொன்னவுடன் தமிழ் இலக்கணம் படித்த மாணவர்களின் முகம் தெளிவதைக் கண்டிருக்கிறேன்.

வேறுபடும் இடங்கள்தாம் உண்மையான உழைப்பைக் கேட்பவை. வினைச்சொல்லில் காலங்காட்டும் இடைநிலை கிடையாது. ‘நேற்று’, ‘நாளை’ போன்ற காலச்சொல் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்து எல்லாவற்றுக்கும் காலத்தை நிறுவிவிடும். செயல் முடிந்ததைக் காட்ட, நாம் பேச்சில் ‘சாப்பிட்டாச்சு’ என்பதைப் போல, முடிவில் ஒரு நிறைவுச் சைகை வரும். ‘கொடு’, ‘உதவு’, ‘கேள்’ போன்ற வினைகள் யாரிடமிருந்து யாருக்கு என்பதை அசையும் திசையாலேயே சொல்லிவிடும். எழுவாயும் செயப்படுபொருளும் காற்றில் குறித்த இரண்டு இடங்களாக நிற்கும். வலப்பக்கத்தில் மாமியாரையும் இடப்பக்கத்தில் மருமகளையும் ஒருமுறை நிறுத்திவிட்டால், கதை முடியும்வரை அவர்கள் அங்கேயே இருப்பார்கள். கற்பவர் பாதியில் பக்கத்தை மாற்றிவிட்டால், மருமகள் கொடுத்த நகையை மாமியார் கொடுத்ததாக ஆகிவிடும். வரதட்சணை வழக்கில் இது சிறிய பிழையாக இருக்காது.

ஆம், இல்லை என்று விடை கேட்கும் வினாவில் சொற்களின் வரிசை மாறாது. கண்கள் விரிந்து, தலை சற்று முன்னே வரும்போதுதான் அது வினா ஆகிறது. முகத்தை அசைக்காமல் கைகளை மட்டும் அசைப்பவர், குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் பேசுபவரைப் போன்றவர். முகத்தைத் திறந்து காட்டத் தயங்குபவர்களுக்கு நான் வேறு அறிவுரை எதுவும் சொல்வதில்லை. சில வாரங்கள் கைகளைக் கட்டிக்கொண்டு முகத்தால் மட்டும் கேள்வி கேட்டுப் பழகச் சொல்கிறேன்.

கைக்கு முன் கண்ணைப் பழக்குங்கள்

பெரும்பாலோர் தேங்கி நிற்கும் இடம் இதுதான் என்பதால், சற்று விரிவாகச் சொல்கிறேன். கற்பவர்கள் ஏறத்தாழ எல்லாருமே தாம் காட்டக்கூடியதைவிட மிகக் குறைவாகவே பிறர் காட்டுவதைப் புரிந்துகொள்கிறார்கள். பயிற்சி நேரம் முழுவதும் கையை இயக்குவதிலேயே செலவாவதுதான் காரணம். பணியிலோ பாதி நேரத்துக்கு மேல் பார்ப்பதுதான் வேலை.

முதலில் பார்வையை எங்கே வைப்பது என்று கற்க வேண்டும். புதியவர் கைகளையே துரத்திப் பார்ப்பார். பழகியவர் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார், கைகள் அவருடைய ஓரப்பார்வையில் தாமாகவே வந்து விழும். இது பிடிபட இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். அடுத்து, காது கேளாத ஒருவர் தம் இயல்பான வேகத்தில் ஏதேனும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லும் இரண்டு நிமிடக் காணொளியை, அவருடைய அனுமதியுடன் பதிவு செய்யுங்கள். முதல்முறை நிறுத்தாமல் பார்த்து, மொத்தத்தில் என்ன சொன்னார் என்பதைத் தமிழில் மூன்று வரிகள் எழுதுங்கள். இரண்டாம் முறை யார், எங்கே, எப்போது என்பனவற்றை எழுதுங்கள். மூன்றாம் முறைதான் விளங்காத இடங்களில் நிறுத்திப் பாருங்கள். பிறகு நீங்கள் எழுதியதை அவரிடமே காட்டிக் கேளுங்கள். வேகத்தைக் குறைத்து ஓடவிடும் வசதியை இறுதிவரை தொடாதீர்கள். மருத்துவமனையில் எவரும் உங்களுக்காகப் பாதி வேகத்தில் பேசப்போவதில்லை.

எழுத்துச் சைகைகளைப் படிப்பதற்கும் இதே முறைதான். ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே கோத்துப் படித்தால் மூன்றாம் எழுத்திலேயே பின்தங்கிவிடுவீர்கள். சொல்லின் மொத்த வடிவத்தை, அதன் முதலெழுத்தையும் நீளத்தையும் சூழலையும் கொண்டு ஊகிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எழுத்துச் சைகைகளைக் காட்டும் அட்டைகளுக்குள்ளேயே சில எழுத்துகள் வேறுபடுவதுண்டு. ஐயம் வந்தால் உள்ளூர்க்காரர் காட்டுவதே உங்களுக்குச் சரியானது.

உங்கள் கைகளையும் பதிவு செய்து பாருங்கள். உடனே பார்க்காமல் மறுநாள் பாருங்கள். என்ன சொல்ல நினைத்தீர்கள் என்பது மறந்த பிறகுதான், என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்பது தெரியும்.

மொழி இருக்கும் இடத்துக்குச் செல்லுங்கள்

ஏழு கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. நாகர்கோவில், தக்கலை, குளச்சல், குலசேகரம் என எங்கும் காது கேளாதோர் இருக்கிறார்கள். மாலை நேரத்தில் ஒரு தேநீர்க் கடையோரமோ, ஞாயிறு வழிபாட்டுக்குப் பின் ஓர் ஆலய முற்றமோ அவர்கள் கூடும் இடமாக இருக்கும். ஒருவர் அறிமுகமானால் போதும், பத்துப் பேர் அறிமுகமாகிவிடுவர்.

அங்கே நீங்கள் விருந்தாளி என்பதை மறக்கக் கூடாது. ‘ஊமை’ என்ற சொல்லை உங்கள் வாயிலிருந்து முற்றிலும் நீக்கிவிடுங்கள். அழைப்பதற்குத் தோளை மெல்லத் தொடலாம், கையை அசைக்கலாம், விளக்கை அணைத்து ஏற்றலாம். மேசையைத் தட்டினாலும் அதிர்வு சென்று சேரும், நம் வீடுகளின் சிமென்ட் தரையை மிதிப்பதால் பயன் இல்லை. இருவர் சைகையில் பேசிக்கொண்டிருக்கும்போது இடையே கடக்க நேர்ந்தால், நின்று மன்னிப்புக் கேட்டு உரையாடலை மறைப்பதைவிட விரைந்து கடந்துவிடுவதே மரியாதை. உங்களுக்கான பெயர்ச் சைகையை நீங்களாகவே உருவாக்கிக்கொள்ளாதீர்கள். அவர்கள் உங்களைப் பார்த்துப் பழகி, தாமே சூட்டுவார்கள். எனக்குச் சூட்டப்பட்டது என் காது அமைப்பை ஒட்டியது. அதில் இருந்த கேலி பிறகுதான் புரிந்தது.

வட்டார வேறுபாட்டை இங்கேதான் கற்க முடியும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பின் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மாவட்டம் இது. இன்றும் களியக்காவிளைக்கு அப்பால் திருவனந்தபுரம் கூப்பிடு தூரம். சிலர் கேரளத்தில் படித்தவர்கள். சிலர் 1895-ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் பாளையங்கோட்டை புளோரன்ஸ் ஸ்வைன்சன் பள்ளியில் படித்தவர்கள். முதியவர்களுள் சிலர் எந்தப் பள்ளிக்கும் போகாமல் வீட்டுச் சைகைகளோடு வளர்ந்தவர்கள். 1880இல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் பள்ளி ஆசிரியர் மாநாடு, சைகையைவிட வாய்ப்பேச்சு முறையே சிறந்தது என்று தீர்மானித்ததன் நிழல் உலகெங்கும் பள்ளிகள்மேல் நெடுங்காலம் படிந்திருந்தது. வகுப்பில் கையை அசைத்ததற்காக அடி வாங்கியதைச் சைகையிலேயே சொல்லும் பெரியவர்களை நீங்களும் சந்திக்கக்கூடும். ஒரே பொருளுக்கு இருவேறு சைகைகள் வந்தால், எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வள்ளம், கட்டுமரம், விசைப்படகு, கரமடி ஆகியவற்றை வேறுபடுத்தும் சைகைகளை அகராதியில் தேடாமல் கடற்கரை ஊர்களில் கேளுங்கள். ரப்பர் பால்வெட்டுக்கும் முந்திரி ஆலை வேலைக்கும் உரியவற்றை மேற்குப் பகுதியில் கேளுங்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் தாக்கிய நாட்களை நினைத்துப் பார்த்தால், காற்று, கடல் எச்சரிக்கை, நிவாரண முகாம் போன்றவற்றுக்கான சைகைகள் ஒலிபெருக்கி அறிவிப்பு எட்டாதவர்களுக்கு எவ்வளவு தேவை என்பது விளங்கும்.

காது கேளாதோரின் எழுத்துத் தமிழையும் படிக்கப் பழகுங்கள். ‘அம்மா உடம்பு சரி இல்லை நான் வேலை வர இல்லை’ என்ற குறுஞ்செய்தியில் உருபுகள் இல்லையே தவிர, பொருள் தெளிவாகவே இருக்கிறது. பலருக்குத் தமிழ் கண்ணால் மட்டும் கற்ற இரண்டாம் மொழி. ‘எழுதிக் காட்டினால் போதாதா’ என்றும் ‘உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்களே’ என்றும் கேட்கும் அலுவலர்களுக்கு நீங்கள் விளக்க வேண்டியிருக்கும். ‘பத்து’ என்பதையும் ‘மத்து’ என்பதையும் குரலின்றிச் சொல்லிக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

இவ்வாறு கற்பிப்பவருக்குக் கட்டணம் கொடுங்கள். நட்பின் பெயரால் இலவசமாகக் கற்றுவிட்டு, அதே திறனுக்காகப் பிறரிடம் ஊதியம் வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

முறையான தகுதி

மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்ற விரும்புபவர்கள், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின், இந்திய சைகை மொழி மொழிபெயர்ப்புக்கான ஈராண்டுப் பட்டயப் படிப்பில் சேரலாம். இந்திய மறுவாழ்வு மன்றத்தின் ஏற்புப் பெற்ற படிப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் அம்மன்றத்தின் பதிவேட்டில் பெயர் பதிவாவது, அரசுப் பணிகளில் முதலில் கேட்கப்படும் தகுதி. சைகை மொழியைக் கற்பிப்பதற்கான பட்டயப் படிப்பு தனியே உண்டு. அது காது கேளாதோருக்கே உரியது.

குமரி மாவட்டத்தினருக்கு மிக அருகில் இருக்கும் பெரிய நிறுவனம், திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 1997இல் தொடங்கப்பட்ட ‘நிஷ்’ என்னும் தேசியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம். நாகர்கோவிலிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். காது கேளாத மாணவர்கள் பட்டப்படிப்புப் படிக்கும் வளாகம் என்பதால், வகுப்பறைக்கு வெளியேயும் மொழி கிடைக்கும். பாடத்திட்டத்தைவிட அதுவே பெரிய வரவு. ஆனால் ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். கேரளத்தில் படித்தால், சைகையிலிருந்து குரலுக்கு மாற்றும் பயிற்சி மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அமையவே வாய்ப்பு மிகுதி. ஊர் திரும்பிப் பணியாற்ற வேண்டியது தமிழில். அந்தப் பயிற்சியை நீங்களே தேடிச் செய்துகொள்ள வேண்டும்.

சைகையிலிருந்து தமிழுக்கு: மரியாதை என்னும் சிக்கல்

தமிழில் நீ, நீங்கள் என்னும் தேர்விலேயே ஓர் உறவு முழுவதும் வெளிப்பட்டுவிடும். சைகையில் சுட்டுவிரல் எதிரில் இருப்பவரைக் காட்டுகிறது, அவ்வளவுதான். காது கேளாத இளைஞர் ஒருவர் வட்டாட்சியரைச் சுட்டிக் காட்டிக் கேட்பதை ‘நீ’ என்று சொன்னால், அவர் செய்யாத அவமரியாதையை நீங்கள் அவர்மேல் ஏற்றிவிடுகிறீர்கள். ‘நீங்கள்’ என்பதையே பொதுவான தொடக்கமாக வைத்துக்கொண்டு, அவருடைய முகக்குறிப்பும் உடல் பணிவும் காட்டுவதற்கேற்பச் சொற்களைத் தேர்ந்தெடுங்கள். எதிர்த்திசையில், அலுவலர் ‘நீ’ என்று ஒருமையில் அதட்டினால், அந்த அதட்டலையும் முகத்தில் காட்ட வேண்டும். அதை மென்மையாக்கிக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. முதலில் இது கசக்கத்தான் செய்யும்.

எப்போதும் தன்மையிலேயே பேசுங்கள். ‘அவருக்கு நெஞ்சு வலிக்கிறதாம்’ என்று சொல்லாமல் ‘எனக்கு நெஞ்சு வலிக்கிறது’ என்று சொல்லுங்கள். மருத்துவர் உங்களைப் பார்த்துப் பேசினால், நோயாளியைப் பார்த்துப் பேசும்படி பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பேசுபவருக்கு அருகிலோ சற்றுப் பின்னாலோ நின்றால் அது தானாகவே அமைந்துவிடும். சன்னலுக்கு முன் நிற்காதீர்கள், வெளிச்சம் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும். தோலின் நிறத்திலிருந்து வேறுபடும், கோடும் பூவும் இல்லாத ஒற்றை நிறச் சட்டை அணியுங்கள்.

பயிற்சியில், ஒருவர் பேசி நிறுத்திய பின் மாற்றும் முறையில் தொடங்குங்கள். உடனுக்குடன் மாற்றுவதற்கு மாறும்போது, பேசுபவரை ஒட்டியே ஓடாமல் ஒரு கருத்து முடியும் அளவுக்குப் பின்தங்கி வாருங்கள். என் மருத்துவமனைத் தவறு, சொல்லைச் சொல்லால் மாற்றியதன் விளைவு. பொருளுக்காக இரண்டு நொடி காத்திருந்தால் நேர்ந்திருக்காது. தொடர்ந்து உடனுக்குடன் மாற்றும்போது, 20 நிமிடங்களுக்கு மேல் துல்லியம் குறையத் தொடங்கும். ஆகவே, ஒரு மணி நேரத்தைத் தாண்டும் நிகழ்ச்சிகளுக்கு இருவராகச் செல்லுங்கள். மணிக்கட்டிலும் தோளிலும் வரும் வலியை இளமையில் அலட்சியம் செய்தவர்கள் பின்னர் வருந்துகிறார்கள்.

சட்டத்தையும் அலுவலக நடைமுறையையும் கற்றுக்கொள்ளுங்கள்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உங்கள் மேசையில் இருக்க வேண்டும். இரு காதுகளிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 வரை இருந்தால் கேட்கும் திறன் குறைந்தவர் என்றும் அது வரையறுக்கிறது. அரசு வேலைவாய்ப்பில் உள்ள 4 விழுக்காடு ஒதுக்கீட்டில் 1 விழுக்காடு இவர்களுக்கு உரியது. மருத்துவக் குழுவின் முன் சான்றிதழுக்காக வந்து நிற்பவர், 40 விழுக்காடு குறைபாடு என்ற வரம்பு எதைத் தீர்மானிக்கிறது என்று கேட்கும்போது, மருத்துவர் சொல்வதைத் தடுமாறாமல் மாற்ற, அதை நீங்கள் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

வாய்மொழியாகச் சாட்சி சொல்ல இயலாதவர் எழுத்தாலோ சைகையாலோ சாட்சியம் அளிக்கலாம் என்பதும், மொழிபெயர்ப்பாளரின் உதவியோடு அளித்தால் அது காணொளியாகப் பதிவாக வேண்டும் என்பதும் நம் சாட்சியச் சட்டத்தில் இருக்கின்றன. ஆகவே, நீதிமன்றத்தில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு பிழையும் பதிவாகும். 2023 செப்டம்பரில், காது கேளாத வழக்கறிஞர் ஒருவர் சைகை மொழிபெயர்ப்பாளர் வழியாக உச்ச நீதிமன்றத்திலேயே வாதிட்டார் என்பதையும், இந்தப் பணிக்கு வரும் தேவை எத்தகையது என்று அறிய விரும்புவோர் நினைவில் கொள்ளலாம்.

இரகசியம் காப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் மாவட்டம் சிறியது. காது கேளாதோர் வட்டம் அதைவிடச் சிறியது. காலையில் ஒருவருக்கு மகப்பேறு மருத்துவரிடம் மொழிபெயர்த்துவிட்டு, மாலையில் அவருடைய மைனியைத் திருமண வீட்டில் சந்திப்பீர்கள். ‘இன்றைக்கு எங்கே போயிருந்தாய்’ என்ற கேள்விக்குக்கூட விடை சொல்லாமல் சிரித்துக் கடக்கத் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோருக்காகப் பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கும் வழக்கத்தைக் கண்டால், அந்தப் பிள்ளையை விளையாடப் போகச் சொல்லி அந்த இடத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

முதல் பணிகள்

தொடக்கத்தில் பள்ளிப் பெற்றோர் கூட்டம், வங்கிக் கணக்கு தொடங்குதல், நேர்காணல் அறிமுகம் போன்ற, பிழை நேர்ந்தால் அங்கேயே திருத்த முடிகிற பணிகளையே ஏற்றுக்கொள்ளுங்கள். மருத்துவம், காவல் நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றுக்கு முதலில் அனுபவம் உள்ளவருடன் உடன் செல்பவராக மட்டும் போங்கள். வருமானம் மாதந்தோறும் ஒரே சீராக வராது என்பதால், கற்பித்தல் போன்ற இன்னொரு வேலையோடு சேர்த்துத் தொடங்குவதே நல்லது. பொருள் என்ன, எவ்வளவு நேரம், எத்தனை பேர், கட்டணம் என்ன என்பனவற்றை முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

பணி முடிந்ததும், காது கேளாதவரிடம் எந்த இடம் தெளிவாக இல்லை என்று கேளுங்கள். ‘நன்றாக இருந்தது’ என்று மட்டும் சொன்னால் விட்டுவிடாதீர்கள். நம்மவர்கள் முகத்துக்கு நேரே குறை சொல்லத் தயங்குவார்கள். ‘மருத்துவர் மாத்திரை பற்றிச் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்’ என்று குறிப்பாகக் கேட்டால் உண்மை வெளிவரும். நான் ‘நல்லது’ என்று தவறாகச் சொன்ன அந்த அம்மாவிடம், அடுத்த முறை சென்றபோது இப்படித்தான் கேட்டேன். பரிசோதனை முடிவை எப்படிக் காட்டியிருக்க வேண்டும் என்று அவரே செய்து காட்டினார்: ‘பரிசோதனை’, பிறகு ‘நோய்’, பிறகு ஆமெனத் தலையை அசைத்தபடி ‘இருக்கிறது’. நான் திருப்பிச் செய்து காட்டியதில் முகம் சரியில்லை என்று சொல்லி, மூன்று முறை மீண்டும் செய்ய வைத்தார்.